பதினொன்றுக்கு மூன்று

செங்கோணத்துக்கு நேர் எதிரே கிடக்கும் நீளமான பக்கத்துக்குக் கர்ணம் என்று பெயர் என்று நான் சொல்லி முடித்ததும், எழிலரசி "சரிங்கப்பா" என்றாள். அந்தச் சொல்லுக்குள் ஒருவரும் இல்லை. ஆளேறாமல் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் லிஃப்டின் கதவைப் போன்ற ஒரு சரிங்கப்பா. ஒரு துணிக்கடையின் லிஃப்டுக்குள் இருபத்தாறு ஆண்டுகள் முக்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு வெறும் கதவின் சத்தம் தெரியாமற் போகுமா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மூன்று மணி தாண்டிவிட்டது. கீழ்வீட்டில் யாரோ மீன் பொரிக்கிறார்கள். அந்த வாசனை மாடிப்படிகளைச் சுற்றி ஏறி மூன்றாம் தளத்துக்கு வந்து எங்கள் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எழிலரசிக்கு மீன் வாசனை பிடிக்காது, முன்பெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவாள், இப்போது ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அது எட்டியதா என்பதே தெரியவில்லை, மூளைக்காய்ச்சல் வந்து போனவர்களுக்கு வாசனை போய்விடும் என்று யாராவது சொன்னார்களா, நானாக நினைத்துக்கொண்டேனா? மழித்த தலையில் முடி வளர்ந்து காதின் மேல்விளிம்பைத் தொட்டிருக்கிறது. பதினைந்து வயது. சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில், கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல். பிறகு நான்கரை மாதம் பள்ளி இல்லை. மேசையின் மேல் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. "எனது மகளை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்ப்பதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." அதில் நான் கையெழுத்திட்டு நாளைக் காலை கணக்கு டீச்சரிடம் கொடுக்க வேண்டும். முழு மனதுடன். முழு மனது என்பதை யார் அளந்து பார்த்தார்கள்? பட்டியலில் சேர்ந்துவிட்டால் வரைபடமும் வடிவியல் வரைதலும் போதும், இரண்டு மதிப்பெண் கேள்விகளில் சில போதும், முப்பத்தைந்து வந்துவிடும், தேர்ச்சி. முக்கோணவியல் என்ற பாடத்தின் பக்கங்களை அவள் திறக்கவே வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு கிடைக்காது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று டீச்சரும் சொன்னார்கள். இன்று ஒரு நாள் பார்க்கிறேன், இன்று அவளுக்கு ஏதாவது பிடிபட்டால் கையெழுத்து இல்லை, பிடிபடாவிட்டால் போட்டுவிடுகிறேன் என்று காலையில் என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். வசந்தாமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "பாருங்க, பாருங்க. லிஃப்டுக்குள்ள உக்காந்து படிச்ச புரொபசருக்கு வராத கணக்கா?" என்றாள். இதையே அவள் சிரித்துக்கொண்டு சொன்ன காலமும் உண்டு.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நான் எட்டாம் வகுப்பு வரையில்தான் பள்ளிக்குப் போனவன். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் அச்சில் வந்ததைப் பார்த்துக் கற்றது. தரைத்தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் நடுவே மேலும் கீழுமாகப் போய்வந்த காலத்தில் நூலகப் புத்தகங்களை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு தளங்களுக்கு ஒரு பத்தி என்று கணக்கு வைத்திருந்தேன். பட்டுப்புடவைக்கு மூன்று, குழந்தைகள் உடைக்கு நான்கு என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும், கண் வரியில் இருக்கும். கணிதம் மட்டும் அப்படிப் பிடிபட்டதில்லை. எழிலரசி ஆறாம் வகுப்பிலேயே என்னைத் தாண்டிவிட்டாள். நோட்டை எட்டிப் பார்த்தால், "அப்பா, இது உங்களுக்குத் தெரியாதுங்கப்பா, விடுங்க" என்று கையால் மறைத்துக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கும், அதற்குப் பெயர் தேடியதில்லை. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பதினாறு நாட்களும் நான் வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். உள்ளே விட மாட்டார்கள், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, பத்து நிமிடம். அவளுடைய பள்ளிப்பையை ஏன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம் என்று தெரியவில்லை, ஆட்டோவில் ஏறும் அவசரத்தில் வசந்தாமணி துணிப்பை என்று நினைத்துத் தூக்கி வந்துவிட்டாள். அதில் கணக்குப் புத்தகம் இருந்தது. காவலாளியிடம் பென்சில் வாங்கி, மருந்துச் சீட்டுகளின் பின்புறத்தில் நான் கோபுரங்களை வரைந்தேன். கோபுரம், பட்டம், கலங்கரை விளக்கம், ஒடிந்து சாய்ந்த மரம். தரையில் ஒரு மனிதன் நின்று உச்சியைப் பார்க்கிறான், அவன் கண்ணில் ஒரு கோணம், நிற்கும் கோபுரம் எதிர்ப்பக்கம், கிடக்கும் தரை அடுத்துள்ள பக்கம், சாய்ந்த பார்வை கர்ணம். ஐம்பத்தேழு வயதில் எனக்குப் புரிந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையும் என் விடையும் ஒன்றாக வந்த அந்த ஒன்பதாம் நாள், உள்ளே என் மகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; வெளியே நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் எழுந்து வந்ததும் நான் சொல்லிக்கொடுப்பேன், விட்டுப்போன பாடத்தை நானே சொல்லிக்கொடுப்பேன், அவள் நோட்டைக் கையால் மறைக்க மாட்டாள் என்று நினைத்தேன். நினைத்தபடியே நடந்தது. அவள் மறைப்பதில்லை. காலையில் இட்லி தின்றோமா தோசை தின்றோமா என்பதையே வசந்தாமணியிடம் கேட்கிறாள்.

"சைன் முப்பது எவ்வளவு, கண்ணு?" "ஒன்று பை இரண்டுங்கப்பா." "அறுபது?" அவள் விரல்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வரும், வருகிறது, மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே நின்றுபோன மாதிரி, வெளியே ஆட்கள் கதவைத் தட்டுகிற மாதிரி. "ரூட் மூன்று பை இரண்டு" என்று நானே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு முன் இப்படித்தான் உட்கார்ந்தோம். பள்ளிக்கு மறுபடி போகத் தொடங்கிய முதல் வாரம், கணக்கு டீச்சர் ஃபிலோமினா ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பதினொரு கணக்கு, விடை கிடையாது. அவளைச் செய்யச் சொல்லி நானே சிவப்பு மையால் திருத்தினேன். பதினொன்றுக்கு மூன்று. கோணம் தரையில் இருந்தால் சரியாகப் போட்டாள், கோணம் உச்சியில் இருந்தால் எதிர்ப்பக்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அன்று அவள் மெல்ல, "மேல இருந்து பாத்தா வேறங்கப்பா" என்று ஏதோ சொன்னாள். அதைக் கேட்டதும் அவளுக்கு மேலே எது கீழே எது என்பதுகூடக் கலங்கிவிட்டது என்று நினைத்தேன். "நிக்கிறது எதிர்ப்பக்கம், கெடக்கிறது அடுத்த பக்கம், மனசுல எழுதிக்க" என்றேன். அன்றிலிருந்து தினமும் பல் துலக்கும்போதும் பஸ் நிறுத்தத்திலும் சொல்ல வைத்தேன். வியாழக்கிழமை பள்ளிக்குப் போய் டீச்சரிடம், "நானே டெஸ்ட் வெச்சுப் பாத்தேனுங்க டீச்சர், பதினொண்ணுக்கு மூணுதான் வருது, மேல கீழ கொழம்புதுங்க" என்றேன். நானே டெஸ்ட் வைத்தேன் என்பதைச் சற்று அழுத்தித்தான் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "எழிலரசிக்கா? நான் ரெண்டு வாரம் பொறுத்துப் பாக்கலாம்னுதான் இருந்தேன். நீங்களே இவ்வளவு பாத்திருக்கீங்கன்னா..." என்று மேசை இழுப்பறையைத் திறந்து இந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார்கள்.

சைன் என்பது எதிர்ப்பக்கம் பை கர்ணம். சரி, அறுபதுக்கு ஏன் ரூட் மூன்று வருகிறது என்று காட்டினால் மனத்தில் தங்கும் என்று படம் வரைந்தேன். நிமிர்ந்த கோடு ரூட் மூன்று, கிடந்த கோடு ஒன்று, சாய்ந்த கோடு இரண்டு. அடிக்கோணம் அறுபது, உச்சிக்கோணம் முப்பது. "அறுபதுக்கு நிக்கிறது எது?" "ரூட் மூணுங்க." "கர்ணம்?" "ரெண்டு." "ஆங், ரூட் மூன்று பை இரண்டு, பாத்தியா? இப்ப முப்பதுக்கு நிக்கிறது எது?" "ரூட் மூணுங்க." "கர்ணம்?" "ரெண்டு." ரூட் மூன்று பை இரண்டு. இல்லை, முப்பதுக்கு ஒன்று பை இரண்டு அல்லவா, இப்போதுதானே சொன்னாள்? அட்டவணையைப் பார்த்தேன். ஒன்று பை இரண்டு. அச்சுப்பிழையாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். வாழ்நாள் முழுவதும் அச்சை நம்பியவன், அந்த ஒரு கணம் அச்சகத்தைச் சந்தேகித்தேன், என்னைச் சந்தேகிக்கவில்லை. மறுபடி வரைந்தேன். மறுபடி அதுவே வந்தது. கீழே மீன் பொரிந்து முடிந்து யாரோ இரும்புச் சட்டியில் கரண்டியைத் தட்டினார்கள். எழிலரசிக்குக் களைப்பு வந்துவிட்டது. அரைமணி நேரத்துக்கு மேல் அவள் தலை நிமிர்ந்து நிற்பதில்லை. கன்னத்தை மேசைமேல் வைத்துப் படுத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளுக்கு அருகில் அவள் கண். அவள் கண்ணுக்கு அந்தக் கோபுரம் எப்படித் தெரியும், படுத்திருப்பவளுக்கு நிற்கும் கோடு கிடக்கும் அல்லவா, கிடக்கும் கோடு நிற்கும் அல்லவா என்று வெறுமனே நினைத்தேன், நினைத்துக்கொண்டே நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். உச்சிக்கோணம் தரைக்கு வந்துவிட்டது. அதற்கு நேர் எதிரே ஒன்று என்ற சின்னக் கோடு நிமிர்ந்து நின்றது. ஒன்று பை இரண்டு. எதிர்ப்பக்கம் நிற்கிற பக்கம் இல்லை. எந்தக் கோணத்தைக் கேட்கிறார்களோ அந்தக் கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம். எதிர்வீடு என்றால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று கேட்க மாட்டோமா? அவ்வளவு எளிது. நான் வராந்தாவில் படித்த பக்கங்களில் மனிதர்கள் எல்லோரும் தரையில் நின்றார்கள். ஒருவனும் உச்சியில் இல்லை, கலங்கரை விளக்கத்தின் மேல் நின்றவனுடைய கோணத்தையும் புத்தகமே கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டது. ஆகவே நானே ஒரு விதி செய்துகொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கீழ்வீட்டுப் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், படியிறங்கினால் முப்பத்தாறு படி. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் படித்தவன் அல்லன் என்பதைத்தானே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேல இருந்து பாத்தா வேறங்கப்பா.

நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இதோ அந்தப் பக்கம். முக்கோணம் ஏபிசி, பி செங்கோணம், நிற்கும் பக்கம் ஐந்து, கிடக்கும் பக்கம் பன்னிரண்டு, உச்சியில் ஏ, டேன் ஏ காண்க. பன்னிரண்டு பை ஐந்து என்று அவள் எழுதியிருக்கிறாள். அதன் மேல் என் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில், அழகாக, ஐந்து பை பன்னிரண்டு. அடுத்தது. அடுத்தது. நான் அடித்த எட்டில் ஏழு சரி. எட்டாவது மட்டும் தவறு, அதுவும் ஐந்நூற்று எழுபத்தாறின் வர்க்கமூலத்தை இருபத்துநான்கு என்று எழுதாமல் இருபத்தாறு என்று எழுதிய கைப்பிழை, யாருக்கும் வருவது. பதினொன்றுக்குப் பத்து. பதினாறு நாள் நினைவில்லாமல் கிடந்து, மூக்கில் குழாயோடு கஞ்சி குடித்து, தன் தலைமுடி எங்கே என்று ஒரு நாளில் நான்கு முறை கேட்டு வந்தவள், பதினொன்றுக்குப் பத்து போட்டிருக்கிறாள். காய்ச்சல் எடுத்துப் போகாமல் விட்டுவைத்த இடம் அது. வீடெல்லாம் தண்ணீர் ஏறிய பிறகும் பரண் மேல் நனையாமல் இருந்த ஒரு பெட்டியைப் போல அது இருந்திருக்கிறது. நான் ஏணி வைத்து ஏறிப் போய் அதைக் கீழே இறக்கினேன். இல்லை, அவசரப்படாதே, இன்னும் இருக்கலாம், மூன்று வாரம்தானே. புதுத்தாள் ஒன்றை எடுத்து அதே பதினொரு கணக்குகளையும் வேறு எண்கள் போட்டு எழுதினேன். "கண்ணு, இதைப் போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடு." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பென்சிலைப் பிடித்தாள். உதடு அசைந்தது. நிக்கிறது எதிர்ப்பக்கம், கெடக்கிறது அடுத்த பக்கம். ஒவ்வொரு கணக்குக்கு முன்னும் அதை முணுமுணுத்தாள், பஸ் நிறுத்தத்தில் முணுமுணுத்தது போலவே. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்து நீட்டினாள். அடியில் கோணம் இருந்த மூன்றும் சரி. உச்சியில் கோணம் இருந்த ஏழும் தவறு. பதினொன்றாவதில் வர்க்கமூலம் இந்த முறையும் சறுக்கிவிட்டது. பதினொன்றுக்கு மூன்று. டீச்சரிடம் நான் சொன்னது பொய். மூன்று வாரத்தில் அதை மெய்யாக்கிவிட்டேன்.

"ஏனுங்க, போட்டாச்சுங்களா கையெழுத்து?" வசந்தாமணி ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். "கொஞ்சம் கொஞ்சம்னு அவளைப் போட்டு உருட்டாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு? தலைக்கு வேலை குடுத்தீங்கன்னா மறுக்கா வலிப்பு வரும்னாரா இல்லையா?" சொன்னார். அக்டோபரில் ஒரு முறை வந்தது, இதே மேசையில், கையில் இருந்த டம்ளர் உருண்டு போனது. இருந்தும் ஒரு முறை, ஒரே ஒரு முறை என்று நான் தாளைத் திருப்பி வைத்துக் காட்டினேன், கோணத்தின் மேல் விரலை வைத்து, "இங்க நீ நிக்கிற, உனக்கு எதிர்ல எது?" என்றேன். அவள் என் விரலைப் பார்த்தாள், நிற்கும் கோட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எது சொன்னால் அப்பாவின் முகம் சரியாகும் என்று தேடுகிறாள். "இதுங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இதுங்களா?" ஆமாம் என்றேன். அடுத்த படத்தில் மறுபடி நிற்பதையே தொட்டாள். அதற்கு அடுத்ததில் கர்ணத்தைத் தொட்டாள். இப்போது நான் கொடுத்த விதியும் உடைந்துவிட்டது, அவளுடையதும் இல்லை. அவள் கண்ணிமை ஒன்று துடிப்பதைப் பார்த்தேன். பென்சிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "போதும் சாமி" என்றேன். வசந்தாமணி பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நாளை டீச்சரிடம் போய்ச் சொன்னால் என்ன? அவள் சரியாகத்தான் போட்டாள், நான்தான் அடித்தேன் என்று. டீச்சர் நல்லவர்கள். ஒரு தாளை எடுத்து, "எங்க, போடு பாக்கலாம்" என்பார்கள். அவள் போடுவாள். பதினொன்றுக்கு மூன்று. ஒருவேளை மூன்றும் இருக்காது. நான் அங்கே நின்று எதைக் காட்டுவேன்?

அவள் பழைய பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பை ஐந்து. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு போட்டதுங்கப்பா?" என்றாள்.

"நீதான் கண்ணு."

"அழகாப் போட்டிருக்கேன்." எழுத்தைத் தடவினாள். "அப்புறம் எதுக்கு இன்ட்டு போட்டிருக்கு?"

"அது அப்பா போட்டது. அப்பா தப்பாப் போட்டுட்டேன். நீ போட்டதுதான் சரி."

அவளுக்கு அது புரிய வெகுநேரம் ஆனது. அப்பா, தப்பு என்ற இரண்டும் அவளுக்குள் எங்கோ தனித்தனியாக ஏறி ஏதோ ஒரு தளத்தில் சந்தித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அவள் முகம் மலர்ந்தது. காய்ச்சலுக்குப் பின் நான் அதைக் கண்டதில்லை. தனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் மறந்துபோச்சுங்களாப்பா?"

இல்லை, எனக்கு எப்போதுமே தெரிந்திருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மீன் வாசனை நின்றிருந்தது. அடுக்களையில் குழாய் நின்றிருந்தது. "ஆமா கண்ணு, மறந்துபோச்சு" என்றேன்.

"அதுக்கென்னுங்கப்பா, திரும்பத் திரும்பச் சொன்னா வந்துருமாமா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா எனக்கு வரலீங்க" என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. பிறகு என் முன்னால் இருந்த முக்கோணத்தைத் தன் விரலால் தொட்டாள். "நான் சொல்றேன் பாருங்க. நிக்கிறது எதிர்ப்பக்கம். கெடக்கிறது அடுத்த பக்கம். இது மட்டும் மறக்கவே கூடாதுங்கப்பா. எங்க, சொல்லுங்க."

சொன்னேன். செம்பை நகர்த்தித் தாளை எடுத்து விரித்தேன்.

"இன்னொருக்கா" என்றாள்.

நிற்பது எதிர்ப்பக்கம், கிடப்பது அடுத்த பக்கம் என்று அவள் பின்னால் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.